பலகை

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போகிற வீதியில்
ஆறு தகரம், ஒரு பாலை மரம், ஒரு குழி:
அதுதான் என் கராஜ்.
குழிக்குள் நின்று பட்டா வாகனங்களின்
அடிவயிற்றைத் திறப்போம்.

எட்டு வருசம் கழிவொயிலைப்
பின்வளவில் ஊற்றினேன்.
ஒருநாளும் போதும் என்று சொல்லாத மண்.
வேலிக் கட்டைக்குக் கறையான் ஏறாமல் பூசவென்று
போத்தலோடு ஆட்கள் வருவார்கள்.
காசு வாங்காமல் கொடுத்தேன்,
நல்ல மனிசன் என்று பேர்.

பற்றறித் தண்ணி வேறு மாதிரி.
நிரோஜனின் காற்சட்டையில் தெறித்த துளிகள்
அன்றைக்கு ஒன்றும் காட்டவில்லை;
தாய் தோய்த்துப் பிழிந்தபோது
கையோடு வந்தது பாதிக் காற்சட்டை.
ரேடியேற்றர்ப் பச்சைத் தண்ணி இனிக்கும்.
அதை எனக்குக் காட்டித் தந்தது என் நாய்,
காட்டிவிட்டு இரண்டு நாள்தான் இருந்தது.

மாரியில் ஒரு விடியல்
கிணற்று வாளிக்குள்
மயிற்கழுத்து நிறத்தில் மெல்லிய தோல்.
விரலால் தள்ள விலகியது,
விரலை எடுக்கக் கூடியது.
அன்று தேத்தண்ணியை ஒருவரும் குடிக்கவில்லை,
ஒருவரும் காரணம் கேட்கவுமில்லை.

பிறகுதான் பரல் வாங்கினேன்.
சீமெந்துத் தரை,
சுற்றிவர ஒரு கல் உயரத்துக்கு அணை,
பில்டரைக் கவிழ்த்து இரவிரவாக வடியவிட ஒரு தட்டு,
பெயின்ற் துடைத்த சீலைக்கு மூடியுள்ள தகர வாளி
(சுருட்டி எறிந்த சீலை தானாய்ப் புகைந்ததை
ஒரு சித்திரை மத்தியானம் கண்டவன் நான்).
ஆனால் அந்த எட்டு வருசத்தை
எந்தப் பரலுக்குள் அள்ளுவது?

பொடியள் தொடாமலிருக்க என்ன எழுதலாம்
என்று நான் யோசித்து நிற்க
நிரோஜன் எங்கிருந்தோ கொண்டுவந்தான்
சிவப்புப் பலகை.
மண்டையோடு, குறுக்கே இரண்டு எலும்பு.
வாசிக்கத் தெரியாத பிள்ளையும்
இந்தப் பக்கத்தில் வாசிக்கும் பலகை.
கம்பியால் பரலில் கட்டினோம்.
ஒரு குழந்தையும் கிட்ட வரவில்லை.
எனக்குப் பெருமை.

சுகிர்தா ஸ்கூட்டியின் பிரேக்குக்கு வந்தாள்.
இடது கால் ஆஸ்பத்திரி கொடுத்தது.
முழங்கால் மூட்டு கிறீச்சிடுகிறதென்று
முன்னொருநாள் கிரீஸ் கேட்டவள்,
புது டப்பா உடைத்துக் கொடுத்தேன்.
பலகையைப் பார்த்தாள்.
பயப்படவில்லை, கோபிக்கவுமில்லை.
"எங்க பிடுங்கினது?"
நிரோஜன் சிரித்தான்.
"இஞ்ச நிக்குதெண்டா
அங்க இல்லையெண்டுதானே அர்த்தம்.
எங்க பிடுங்கினது?"

விறகுக்குப் போன காட்டோரம்.
வெடி எடுத்து முடிந்த இடமா?
அவனுக்குத் தெரியாது.
எனக்கு, கேட்கவே தோன்றியிருக்கவில்லை.

கம்பியை வெட்டினோம்.
மோட்டார் சைக்கிளில் அவன் முன்னால்,
பலகையை மடியில் வைத்து நான் பின்னால்.
எதிரே வந்தவர்கள் எல்லாரும்
எங்களுக்கு வழிவிட்டார்கள்.
அவனுக்கு அடையாளம் ஒரு வீரை மரம்.
பாதையை விட்டு ஓர் அடி இறங்காமல்
அதே துளையில் கம்பை இறக்கி,
பின்பக்கம் எழுதியிருந்த இலக்கத்துக்கு
அடித்துச் சொன்னோம்.
மன்னிப்பும் கேட்டான் நிரோஜன்,
மறுபக்கம் யாரென்று தெரியாமலே.

சனிக்கிழமை பழைய ஒயில் எடுக்கிற லொறி வந்தது.
நல்ல விலை. எப்போதும் எண்ணி வாங்கி
மேசைக்குள் போட்டுவிடுவேன்.
இம்முறை வாயில் வந்துவிட்டது:
"எங்க கொண்டுபோறியள்?"
"அங்கால" என்றான்,
தெற்கா மேற்கா என்று தெரியாத ஒரு கைவீச்சில்.
"அங்கால எங்க?"
கண்ணாடியை ஏற்றினான்.

பரல் நிறைந்தபடி நிற்கிறது.
பதிவுள்ள ஆளைத் தேடி
மூன்று இடத்துக்கு அடித்துவிட்டேன்,
வருவம் என்கிறார்கள்.
அதுவரைக்கும் என்று
வெள்ளைப் பெயின்றால் நிரோஜன் எழுதியிருக்கிறான்:
கழிவொயிள். இஞ்சதான் இருக்கு.
எழுத்துப் பிழையை நான் திருத்தவில்லை.
துடைத்த சீலை வாளிக்குள் கிடக்கிறதா என்று மட்டும்
மூடியைத் தூக்கிப் பார்த்து
இறுக்கி மூடினேன்.